ஒன்றரைக் கட்டை

லிங்கன், நெப்ராஸ்கா
1995 பிப்ரவரி 6

ரெனீ,

பிரிக்காமலேயே குப்பையில் போட்டுவிட மாட்டாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். நாலு மாதமாக நீ போனை எடுப்பதில்லை. உன் அண்ணன் எடுத்தால் "அவ குளிச்சிட்டிருக்கா" என்கிறான். நாலு மாதமாகவா ஒரு மனுஷி குளிப்பாள்?

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் தொண்டை போய்க்கொண்டிருக்கிறது. காலையில் எழுந்தால் வெகுநேரம் குரலே கிடையாது, வெறும் காற்றுதான் வருகிறது. போன வாரம் அயோவாவில் பாடி முடித்துத் துப்பினேன். ரத்தம். ஓடிஸ் பார்த்துவிட்டான். பார்த்துவிட்டு வழக்கம்போல ஒன்றும் பேசாமல் தன் பேஸ் கிடாரைப் பெட்டியில் வைத்து மூடினான். இங்கே ஒரு டாக்டர் என் மூக்கு வழியாகக் குழாயை விட்டுப் பார்த்தார். குரல்நாண் இரண்டிலும் முடிச்சு விழுந்திருக்கிறதாம். "நீ பாடற சுருதி உன்னோடது இல்லப்பா. யாரோடதையோ பாடிட்டிருக்க" என்றார். சிரித்துவிட்டேன். சிரிக்கவும் வலித்தது.

அவரிடம் என்னவென்று சொல்வது? யாருடையதும் இல்லை டாக்டர், ஒரு ரப்பர் பெல்ட்டுடையது என்றா? உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் வேறு யாரிடமும் சொல்ல முடியாத கதை என்பதால் உன்னிடமே புலம்புகிறேன். ஜனவரிக் குளிரில், உங்கள் வீட்டு பேஸ்மென்டில், உன் பழைய டேப் மெஷினில்தானே நம் சால்ட் டிரக்ஸ் பேண்டின் முதல் ஆல்பத்தைப் பதிந்தோம். குளிரில் பெல்ட் விறைத்து மெஷின் மெதுவாக ஓடியிருக்கிறது. அதே மெஷினில் போட்டுக் கேட்டதால் நம் காதுக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இசைத்தட்டு அடிக்கிற இடத்தில் ஒழுங்காக ஓடுகிற மெஷினில் போட்டுவிட்டார்கள். தட்டுகள் வந்து இறங்கியபோது என் குரல் ஒன்றரைக் கட்டை ஏறி உட்கார்ந்திருந்தது. நீ திருப்பி அனுப்பலாம் என்றாய். நான் இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன்.

பிறகு கல்லூரி ரேடியோக்காரர்கள் ஒவ்வொருவராக அதைப் பிடித்துக்கொண்டார்கள். அழுகை வெடிப்பதற்கு ஒரு நொடி முந்தைய குரல் என்று ஒருத்தர் எழுதினார். அந்தக் குரலைத்தான் மூன்று வருடமாகத் துரத்திக்கொண்டிருக்கிறேன், கிடாரின் கழுத்தில் சுருதியை ஏற்றுகிற கேப்போ கவ்வியை மாட்டிக்கொண்டு, ஊர் ஊராக.

மார்ச் 18 சிகாகோ. நம் தட்டுகளை வெளியிடுகிற கிரெய்க், நியூயார்க்கிலிருந்து பெரிய கம்பெனி ஆட்களை அழைத்துக்கொண்டு வருகிறார். அன்றைக்கு நன்றாகப் போனால் இரண்டாவது ஆல்பம். சொதப்பினால் முப்பத்தொரு வயதில் டொலிடோவுக்குத் திரும்பி அப்பாவின் சோபாவில் படுக்க வேண்டியதுதான்.

அந்த மெஷினைக் கொடு, ரெனீ. இரண்டாவது ஆல்பத்தை அதிலேயே பதிந்துவிடுகிறேன். என் சொந்தச் சுருதியில் பாடிவிட்டு அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம். தொண்டை பிழைக்கும். ஆள் அனுப்புகிறேன், நீ எனக்கு முகம்கூடக் கொடுக்க வேண்டாம்.

பதினேழாம் தேதி டென்வரில் வாசிக்கிறோம். கிளப் முகவரிக்கு எழுதினால் பாரில் வாங்கி வைத்திருப்பார்கள்.

லைல்


டொலிடோ, ஒஹாயோ
பிப்ரவரி 11

லைல்,

நான் குளித்துக்கொண்டுதான் இருக்கிறேன். கண்ணாடி ஃபாக்டரித் தூசு நாலு மாதம் தேய்த்தாலும் போகாது.

மெஷினைத் தரமாட்டேன்.

உனக்குத் தொண்டை என்றால் எனக்கு மணிக்கட்டு. அந்தத் தட்டில் ஏறியது உன் சுருதி மட்டும்தானா? என் தாளமும் ஏறவில்லையா? நான் வாசித்ததைவிட வேகமாக, என் முழுப் பெயரையும் வைத்துக்கொண்டு, வேறொரு ரெனாட்டா கோவாச் அதில் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருக்கிறாள். மூன்று வருடம் அவளுக்கு ஈடு கொடுக்கப் போய்த்தான் என் இரண்டு கையும் வீங்கின. அக்டோபரில் நான் என்ன பெரிதாகக் கேட்டுவிட்டேன்? மூன்று வாரம் ஓய்வு. நாலாம் நாள் கோரி என்கிற புதுப் பையன் என் டிரம்ஸ் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். ஸ்டூலின் உயரத்தையும் மாற்றிவிட்டான் என்று ஓடிஸ் போனில் சொன்னான். அவன் ஆயுளில் தானாகச் சொன்ன செய்தி அது ஒன்றுதான், அதுவும் அப்படிப்பட்ட செய்தி.

இன்றைக்கும் காபிக் கோப்பையை இரண்டு கையாலும் ஏந்தித்தான் குடிக்கிறேன். "என்ன கோவாச், ஜெபம் பண்றியா?" என்று சூப்பர்வைசர் தினமும் கேட்கிறான். தினமும் சிரித்துத் தொலைக்க வேண்டியிருக்கிறது.

மெஷினைக் கொடுத்தால் ஆல்பம் வரும், சரி. வந்த ஆல்பத்தை மேடையில் யார் பாடுவது? அப்போதும் நீதானே? புலி வாலைப் பிடித்தவன் அதை விடுவதற்கு வழி தேடுவான். நீ இன்னொரு புலிக்கு விலாசம் கேட்கிறாய்.

கேப்போவைக் கழற்று. தாளத்தை இறக்கச் சொல். உன் குரலில் பாடு. யாராவது சிரித்தால் ரெனீ சொல்லித்தான் செய்தேன் என்று என் தலையில் போடு.

ரெனீ

இருமல் மருந்தில் விஸ்கி கலந்து குடிக்காதே. குடிக்கவில்லை என்று எனக்கு எழுதவும் வேண்டாம்.


சால்ட் லேக் சிட்டி
பிப்ரவரி 20

ரெனீ,

கழற்றினேன். டென்வரில், நீ சொன்ன மாதிரியே. உன் கடிதத்தைப் பாரில் நின்று படித்துவிட்டு, அந்தச் சூட்டோடு மேடைக்குப் போய் கேப்போவைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டேன். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. நேராக, நம் ஊர் ஆற்றின் பெயரில் எழுதிய "மோமி" பாட்டை எடுத்தேன்.

முதல் நிமிடம் எப்படி இருந்தது என்று உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். வலிக்கவில்லை. இறுக்கமான ஷூவைக் கழற்றிய மாதிரி இருந்தது. ஓடிஸ் என்னைப் பார்த்துச் சிரித்தான். கோரிகூட ஒன்றும் கேட்காமல் தாளத்தை இறக்கிப் பிடித்துக்கொண்டான். பையன் கெட்டிக்காரன், அதை மறுத்துப் பிரயோசனமில்லை.

பிறகு பார்த்தால் பாதிப் பேர் பாரைப் பார்த்துத் திரும்பிவிட்டார்கள். முன் வரிசையில் நம் டி-ஷர்ட் போட்ட ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம் என்னவோ கேட்டாள். அவள் டிக்கெட்டை எடுத்துப் பார்த்தாள். ஆமாம், டிக்கெட்டை. சரியான கச்சேரிக்குத்தான் வந்திருக்கிறோமா என்று.

முடிந்ததும் டி-ஷர்ட் விற்கிற மேஜையருகே நின்றேன். ஒருத்தர் வந்தார். அறுபது மைல் ஓட்டிக்கொண்டு வந்தாராம். ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார்.

"அந்த ஆல்பத்துல பாடினவர் வரலீங்களா?"

"அவருக்கு உடம்பு சரியில்லை" என்றேன்.

"அடடா. நீங்களும் மோசமில்ல. ஆனா அவர் மாதிரி வருமா?"

வராது என்று நானே ஒப்புக்கொண்டேன். என் தோளில் ஒரு தட்டுத் தட்டி, அவரை நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள் என்று கைகுலுக்கிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை மோட்டலுக்கு கிரெய்க்கின் போன். டென்வர் கிளப்காரன் அவரிடம் ஓதிவிட்டான். "ஜனங்க அந்தக் குரலைக் கேட்கத்தான் வர்றாங்க லைல். உன்னைப் பார்க்க வர்றாங்கன்னு நீ நெனச்சிட்டியா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே சந்தேகம் கேட்பது போலக் கேட்டார்.

கேப்போ திரும்ப ஏறிவிட்டது. நேற்று இங்கே பாடியபோது கடைசி மூன்று பாட்டில் எனக்கே என் சத்தம் கேட்கவில்லை. வழக்கம்போல மேடையிலிருந்தே, இன்றைக்குப் படுக்க யாராவது வீட்டில் இடம் உண்டா என்று கேட்டோம். ஒரு மாணவன் கூட்டிக்கொண்டு போனான். காலையில் எங்களுக்கு மரியாதை செய்வதாக நினைத்து அந்த ஆல்பத்தையே போட்டுவிட்டான். அவன் வீட்டுக் கம்பளத்தில், அவன் நாயின் போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்தபடியே அந்தக் குரலைக் கேட்டேன். எனக்கு அவன்மேல் பொறாமையாக இருந்தது ரெனீ. அந்தக் குரல்காரன்மேல். இதைவிடக் கேவலம் ஒரு பாடகனுக்கு உண்டா?

போன கடிதத்தில் மெஷினுக்காகக் கெஞ்சினேன். இப்போதும் கெஞ்சிக்கொண்டுதான் இருக்கிறேன், எதற்காக என்றுதான் எனக்கே தெரியவில்லை. எனக்குப் பாடுவதைத் தவிர ஒரு வேலையும் தெரியாது. நீ ஃபாக்டரிக்குப் போகிறாய். நான் எங்கே போவேன்?

மார்ச் நாலாம் தேதி போர்ட்லாண்ட். முகவரி பின்பக்கத்தில் இருக்கிறது.

லைல்


டொலிடோ
பிப்ரவரி 26

லைல்,

அந்த அறுபது மைல்காரனை நான் பார்த்தால் இன்னொரு அறுபது மைல் ஓட விட்டிருப்பேன்.

உன் கடிதம் வந்த அன்று பேஸ்மென்டுக்குப் போய் மெஷினை எடுத்தேன். அண்ணன் புது பெல்ட் மாட்டிக் கொடுத்தான். நாம் பதிந்த டேப்பைப் போட்டு, வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழை மெல்ல மெல்லத் திருப்பினேன். என் டிரம்ஸ் என் கைக்குத் தெரிந்த வேகத்துக்கு வந்த இடத்தில் நிறுத்தினேன். அந்த இடத்தில் நீயும் இருந்தாய்.

மூன்று வருடத்துக்குப் பிறகு உன் குரலைக் கேட்டேன். உட்கார்ந்து அழுதேன். அழுதேன் என்று எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை. ஏற்றிக் கேட்டால் "மோமி" பாட்டில் ஒரு பையன் பாலத்தின்மேல் நின்று அழுகிறான். உன் குரலில் கேட்டால் அழுது முடித்த ஆள் ஒருத்தன் காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறான். இரண்டாவதுதான் நல்ல பாட்டு. நாம் எழுதியதும் அதைத்தான்.

டென்வரில் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. சரி. அவர்கள் வேறொன்றைக் கேட்க வந்தவர்கள், அவர்கள்மேல் தப்பில்லை. இந்தக் குரலை முதலிலிருந்து கேட்கிறவர்களுக்குப் பாடு. ஐந்நூறு பேர் வரமாட்டார்கள். ஐம்பது பேர் வரட்டுமே.

நான் சொல்வதைக் கோபப்படாமல் கேள். சிகாகோவை ரத்து செய். ஊருக்கு வா. ஆறு மாதம் வாயைத் திறக்காதே, என் அண்ணன் வீட்டு மாடி அறை சும்மாதான் கிடக்கிறது. அதன்பிறகு மெஷினை வைத்து, சரியான வேகத்தில், ஓர் ஆல்பம் போடலாம். நான் வாசிக்கிறேன். அந்த வேகத்தில் என் கைக்கு முடிகிறது. நேற்று பழைய பாட்டை முழுசாக வாசித்துப் பார்த்தேன், இன்று காலை கோப்பையை ஒரு கையால்தான் தூக்கினேன். சூப்பர்வைசருக்குக் கேட்க ஒன்றுமில்லாமல் போய்விட்டது.

கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. கோபத்தோடுதான் கூப்பிடுகிறேன்.

ரெனீ


போர்ட்லாண்ட், ஆரிகன்
மார்ச் 5

ரெனீ,

உன் கடிதத்தை வேனில் இரண்டு தடவை படித்தேன். ஓடிஸ் என்ன விஷயம் என்று கேட்டான். அவன் கேட்கிற அளவுக்கு என் முகம் இருந்திருக்கிறது.

ரத்து செய்ய முடியாது. ஓடிஸ் இதற்காக அச்சகத்து வேலையை விட்டுவிட்டு வந்தவன். கோரிக்கு இருபத்துநாலு வயது, இதுதான் அவனுக்கு முதல் வாய்ப்பு. கிரெய்க் அந்தக் கம்பெனி ஆட்களுக்கு விமானத்தில் இடம் போட்டாயிற்று. இத்தனை பேர் தலையிலும் மண்ணைப் போட்டுவிட்டு உன் அண்ணன் மாடியில் வந்து படுத்துக்கொள்ளச் சொல்கிறாயா? வெளியே நின்று சொல்வது சுலபம்.

ஒரே ஒரு நாள்தான். சிகாகோவில் கிரெய்க்குக்குத் தெரிந்த டாக்டர் ஒருத்தர் இருக்கிறாராம். மேடை ஏறுவதற்கு முன்னால் ஓர் ஊசி போட்டால் வீக்கம் வடிந்துவிடும், வலியே தெரியாது என்கிறார். நாடகப் பாடகர்கள் எல்லாம் போட்டுக்கொள்கிறார்களாம். அந்த ஒரு நாளைத் தாண்டிவிட்டால் அதற்குப் பிறகு நீ சொன்னபடி கேட்கிறேன். சத்தியம்.

லைல்


தபால் அட்டை
டொலிடோ, மார்ச் 9

ஊசி போட்டுக்கொள்ளாதே. இதுவரை உன்னை நிறுத்தி வைத்தது அந்த வலி ஒன்றுதான். அதையும் எடுத்துவிட்டால் உன்னை எது நிறுத்தும்?

ரெ.


சிகாகோ
மார்ச் 22

ரெனீ,

ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். பேசக்கூடாது. ஒரு சிலேட்டைக் கொடுத்திருக்கிறார்கள். தண்ணீர் வேண்டும் என்பதற்குக்கூட எழுதிக் காட்டுகிறேன்.

உன் அட்டை சிகாகோ கிளப்பில் எனக்காகக் காத்திருந்தது. ஊசி போட்டு ஒரு மணி நேரம் கழித்துத்தான் அதைப் படித்தேன். முன்னால் படித்திருந்தாலும் போட்டுக்கொண்டிருப்பேன்.

முதல் பாட்டு பிரமாதமாக வந்தது. இந்த மூன்று வருடத்தில் அப்படிப் பாடியதில்லை. துளி வலி இல்லை. எங்கே நிறுத்த வேண்டும் என்று தொண்டை சொல்லவே இல்லை. இரண்டாவது "மோமி". அதில் இரண்டாவது சரணத்தில் உள்ளே ஏதோ கிழிந்தது. வலிக்கவில்லை, துணி கிழிந்த மாதிரி ஒரு உணர்வு, அவ்வளவுதான். வாயைத் திறந்தேன், ஒன்றுமே வரவில்லை.

ஆனால் ஸ்பீக்கரில் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு நொடி அது நான்தான் என்று நினைத்தேன். தட்டில் இருக்கிற அதே குரல், அதே சுருதி. திரும்பிப் பார்த்தேன். கோரி. டிரம்ஸை விடாமல் வாசித்துக்கொண்டே, பக்கத்தில் இருந்த மைக்கில் பாடிக்கொண்டிருந்தான். கழுத்து நரம்பு ஒன்றுகூடப் புடைக்கவில்லை. அவனுக்கு அது இயற்கையான சுருதி. ஐந்து மாதமாக எனக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறான், எனக்குத் தெரியாது.

முன் வரிசையில் எல்லோரும் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர்கூட கவனிக்கவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? உதட்டை அசைத்தேன். கச்சேரி முடிகிற வரைக்கும் உதட்டை அசைத்துக்கொண்டு நின்றேன். இரண்டு தடவை திரும்பக் கூப்பிட்டார்கள். இரண்டு தடவையும் போய் அசைத்தேன். உள்ளே வந்ததும் கிரெய்க் முதலில் கோரியைத்தான் கட்டிக்கொண்டார்.

வியாழக்கிழமை ஆபரேஷன். பேச்சு வரும் என்கிறார்கள். பாட்டைப் பற்றிக் கேட்டு எழுதினால், அது அப்புறம் பார்க்கலாம் என்கிறார்கள்.

இப்போது விஷயம். கிரெய்க் பூங்கொத்தோடு வந்தார். கம்பெனிக்காரர்களுக்குச் சம்மதமாம். கோரி முன்னால் நின்று பாடட்டும், நீ வீட்டிலிருந்து பாட்டு எழுதிக் கொடு, சால்ட் டிரக்ஸ் அப்படியே ஓடட்டும் என்கிறார். வேண்டாம் என்று சிலேட்டில் பெரிதாக எழுதினேன். அவர் படித்துவிட்டு, "உன்கிட்ட கேட்கலப்பா. ரெனாட்டாகிட்டதான் கேட்கணும்" என்றார்.

உனக்கு ஞாபகம் இருக்கும். பேண்டின் பெயர் நம் இருவருக்கும் சொந்தம். ஒருத்தரால் மேடை ஏற முடியாமல் போனால் மற்றவர் சொல்வதுதான் முடிவு. நாம்தான் ஒப்பந்தத்தில் அப்படி எழுதச் சொன்னோம். அந்த வரியை வைத்துத்தான் அக்டோபரில் நான் கோரிக்குச் சரி சொன்னேன். மறக்கவில்லை. மறந்த மாதிரி நடிக்கவும் இல்லை.

இல்லை என்று சொல், ரெனீ. அவன் அந்தப் பெயரில் அந்தப் பாட்டைப் பாடினால், நான் உயிரோடு இருந்தும் செத்தவன். நியாயம் பேச என்னிடம் ஒன்றுமில்லை. எனக்காகச் சொல், அவ்வளவுதான்.

லைல்


டொலிடோ
மார்ச் 26

லைல்,

கிரெய்க் கூப்பிட்டார். என் போன் நம்பர் அவருக்கு ஞாபகம் இருக்கிறது என்பதே எனக்கு ஆச்சரியம்.

நீ எழுதாத ஒன்றை அவர் சொன்னார். உனக்குச் சொல்லியிருக்க மாட்டார். கோரி முன்னால் போய்விட்டால் டிரம்ஸுக்கு ஆள் வேண்டுமே. "ஸ்டூல் காலியா இருக்கு ரெனாட்டா. முதல்ல இருந்தவங்களே வந்தா ஜனங்களுக்கும் சந்தோஷம்" என்றார். என் மணிக்கட்டு தாங்குமா என்று கேட்டேன். சிகாகோ டாக்டரிடம் மணிக்கட்டுக்கும் ஊசி இருக்கிறதாம்.

யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். ஆமாம், உடனே இல்லை என்று சொல்லவில்லை. பொய் எழுத மாட்டேன். எனக்கு ஆசை வந்தது. கண்ணாடி ஃபாக்டரியில் நின்றுகொண்டு அந்த ஸ்டூலை நினைக்காத நாள் எனக்குக் கிடையாது. அன்று ராத்திரி பேஸ்மென்டில் அந்தத் தட்டைப் போட்டு, அந்த வேகத்திலேயே கூட வாசித்தேன். மூன்றாவது பாட்டில் குச்சி கையிலிருந்து நழுவி ஓடிவிட்டது. குனிந்து எடுக்க விரல் மடங்கவில்லை. தரையிலேயே உட்கார்ந்து, தட்டு முடிகிற வரைக்கும் கேட்டேன். அதில் பாடுகிறவனும் நீ இல்லை, வாசிக்கிறவளும் நான் இல்லை. அந்த இரண்டு பேருக்காக நாம் என்னவெல்லாம் கொடுத்துவிட்டோம், பார்.

கோரியும் கூப்பிட்டான். "அவர் இடத்தைப் பிடிக்கணும்னு பாடலங்க. பாட்டு பாதியில நின்னா அவருக்கு அசிங்கமாயிடுமேன்னுதான் பாடினேன்" என்றான். நம்புகிறேன். நல்ல பையன். அவனை வெறுத்துத் தொலைக்கவும் வழியில்லாமல் போய்விட்டது.

நேற்று கிரெய்க்கைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். அந்தப் பெயரில் யாரும் பாடக்கூடாது, கோரியும் இல்லை, நீயும் இல்லை, நானும் வாசிக்க மாட்டேன், சால்ட் டிரக்ஸ் முடிந்தது என்றேன். ஒரு வாரம் எடுத்துக்கொள் என்றார். வேண்டாம் என்றேன். ஓடிஸ் ராத்திரி போன் செய்து, ஒரு வார்த்தையும் பேசாமல் கொஞ்ச நேரம் மூச்சுவிட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்துவிட்டான். அவனுக்கு இனி அச்சகத்திலும் இடமில்லை. அந்தப் பாவம் என்மேல்தான்.

வெள்ளிக்கிழமை அண்ணன் காரை எடுத்துக்கொண்டு வருகிறேன். வழியெல்லாம் நான்தான் பேசுவேன், நீ பதில் பேச முடியாது. மாடி அறையில் படுக்கை போட்டாயிற்று.

நீ கேட்டதைச் செய்துவிட்டேன். எனக்கு என்ன மிஞ்சியது என்று கேட்காதே, ஒன்றும் மிஞ்சவில்லை. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். கிரெய்க் நேற்றும் அதே மாதிரிதான் கேட்டார், அக்டோபரில் என் ஸ்டூலில் கோரியை உட்கார வைக்கலாமா என்று உன்னிடம் கேட்ட மாதிரி. இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும் என்று அன்றிலிருந்து நினைத்துக்கொண்டே இருந்தேன். நேரமே ஆகவில்லை, லைல்.

ரெனீ